ஆமை மார்க் வாட்சும் ஆயில்யத்தில் பிறந்த பிள்ளையும்

கமலம்,

உன் அப்பாதான் எழுதுகிறேன். நலமா என்று கேட்டு ஆரம்பிப்பது வழக்கம். நீ அடுத்த அறையில் தகரப் பெட்டிக்குள் வெள்ளைச் சேலைகளை அடுக்குவதும், உன் அம்மா அதே பெட்டியில் ஊறுகாய் ஜாடிக்கு இடம் கேட்டுச் சண்டை போடுவதும் இங்கே காதில் விழுகிறது. அதனால் நலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நேரில் சொன்னால் என்ன என்பாய். நேரில் சொன்னால் பாதியில் ஏதாவது கேலி பண்ணிவிடுவேன், நீயும் சிரித்துவிடுவாய், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். மூன்றாம் வகுப்போடு நின்ற கைக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். மெதுவாக எழுதும்போது கேலி அவ்வளவாக வருவதில்லை என்பதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறேன். இன்றைக்கே வாசித்துவிடு. அம்மாவுக்கும் உரக்க வாசித்துக் காட்டு. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்டாலும் பரவாயில்லை, மகளைப் பெற்றவர்கள்தானே அவர்களும்.

விஷயம் இதுதான். நாளைக்குக் காலையில் டேங்க் ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஜோகூருக்கு அப்பால் ரப்பர் தோட்டத்துக்குப் போகிறாய். அங்கே பிரசவம் பார்க்க உன்னை விட்டால் ஆள் கிடையாது. கத்தரிக்கோல், பஞ்சு, மருந்து புட்டி எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டன. உன் ஆமை மார்க் வாட்ச் மட்டும் சாமி படத்துக்குக் கீழே கிடக்கிறது. ஜவுளிக்கடை வீட்டுப் பிரசவம் முடிந்து வந்த அன்றைக்குக் கழற்றி வைத்தாய். அதற்குப் பிறகு கட்டவே இல்லை. அம்மா எடுத்துக் கொடுத்தபோது, "வேணாம்மா, இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாய். தோட்டத்தில் புலி இருக்கிறது, அட்டை இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்று ஆளுக்கு ஆள் வந்து பயமுறுத்திவிட்டுப் போகிறார்கள். புலிக்கு நான் பயப்படவில்லை. உன் எதிரில் வந்தால் அதன் நாடியையும் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாய். எதைப் பார்த்து எண்ணப் போகிறாய் என்பதுதான் என் கவலை.

நம் வீட்டுக்குள் ஆமை வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். முதலில் வாங்கியது எனக்குத்தான். அப்போது நீ சின்னப் பெண். நான் சிராங்கூன் ரோட்டிலிருந்து ஆர்ச்சர்ட் ரோடு பக்கத்து பங்களாக்களுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்கு நேரம் தெரியும், எனக்குத் தெரியாது. வெயிலைப் பார்த்துக் கிளம்புவேன். இந்த ஊரில் வெயில் எப்போது வரும், எப்போது மழைக்குள் ஒளிந்துகொள்ளும் என்று யாரால் சொல்ல முடியும்? துரைசானி டீ குடித்து முடித்த பிறகு பால் போய்ச் சேரும். அந்த வீட்டு ஹைனான் சீனச் சமையல்காரன் வாசலிலேயே நின்று, எனக்குப் புரியாத பாஷையில், எனக்கு நன்றாகப் புரிகிற மாதிரி திட்டுவான். கடைசியில் மரைக்காயர் வாட்ச் கடைக்குப் போய் நின்றேன். அவர் ஒரு வாட்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். முகத்தில் பன்னிரண்டுக்குக் கீழே குட்டியாக ஒரு ஆமைப் படம்.

"என்ன பாய், ஓடுற சாமானுக்கு ஆமையைப் போட்டிருக்கான்? மானு முயலு ஒண்ணும் கிடைக்கலையா அவனுக்கு?"

"மானும் முயலும் எத்தனை வருஷம் இருக்கும்? ஆமையைப் பாருங்க. நீங்க போயிடுவீங்க, நான் போயிடுவேன், அது இருக்கும்."

"விக்கிறப்பவே என்னைக் கொன்னுட்டீங்களே."

"வாங்கிட்டீங்கன்னா சாவறதுக்கும் நேரத்துக்குப் போகலாம்" என்றார். அந்த வாய்க்காகவே வாங்கினேன்.

வாங்கின பிறகு பட்ட பாடு தனி. மணிக்கட்டில் வாட்ச் கட்டுவது வெள்ளைக்காரப் பெண்கள் வேலை என்று அப்போது நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆம்பிளை என்றால் சட்டைப்பையில் சங்கிலியோடு தொங்கவேண்டும். பெரிய சண்டைக்குப் போய்வந்த சிப்பாய்கள் கையில் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் வாயை மூடினார்கள். அதற்கு முன்னால் டோபி மாரிமுத்து என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணே, வளையல் நல்லா இருக்கு, அடுத்த கைக்கு எப்போ?" என்று கேட்பான். பிறகு அவனும் ஒன்று வாங்கினான். "வளைகாப்பு எந்த மாசம்டா?" என்று நான் கேட்டேன். ஒருநாள் வார் கழன்று என் வாட்ச் பால் கேனுக்குள் விழுந்துவிட்டது. அடியில் கிடந்து, பாலோடு பாலாக ஒரு தெரு முழுக்க வந்தது. எடுத்துத் துடைத்துக் காதில் வைத்தால் டிக் டிக் என்கிறது. பாலை என்ன செய்தேன் என்று கேட்காதே, அம்மா வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இந்த ஆமை வாட்சைச் செய்கிறவன் எந்தச் சீமையில் இருக்கிறானோ, எப்படி இருப்பானோ தெரியாது. ஆனால் அவனுக்கு நம்மைத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். மற்றக் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முகம் மாற்றுகிறார்கள், சதுரம் என்கிறார்கள், முட்டை என்கிறார்கள். இவன் அன்றைக்கு வைத்த வட்டத்தை இன்றைக்கும் மாற்றவில்லை. அதனால் ஒரு ஆமை செத்தால் பத்து ஆமை பிழைக்கிறது. என் வாட்சின் கண்ணாடி மாரிமுத்துவின் பழைய வாட்சிலிருந்து வந்தது. உள்ளே ஒரு சக்கரம் யாரோ ஒரு மலாய்க்காரருடையது. கடையோர நடைபாதையில் கண்ணில் குழலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சீனக் கிழவரிடம் ஆமையை நீட்டினால், பார்க்காமலே "தாப்பா, தாப்பா" என்று கையை ஆட்டுவார், ஒன்றும் ஆகாது போ என்று அர்த்தம். இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். தங்க வாட்ச் கட்டியவரிடம் மணி என்ன என்று கேட்க நமக்கு வாய் வராது. ஆமை கட்டியவனை ரிக்‌ஷாக்காரனும் நிறுத்திக் கேட்கலாம். அவன் வாட்சில் இருக்கும் நேரம் தெருவுக்கே சொந்தம்.

நீ ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி என்கிற நர்ஸ் வேலைக்குப் படிக்கச் சேர்ந்தபோது, நொடி காட்டுகிற சின்ன முள் இருக்கிற வாட்ச் வேண்டும், நாடி எண்ண வேண்டும் என்று கேட்டாய். மறுபடி மரைக்காயர் கடைதான், மறுபடி ஆமைதான். முதல் வாரம் முழுக்க என் கையைப் பிடித்து எண்ணினாய், அம்மா கையைப் பிடித்து எண்ணினாய், மாட்டுக்கு நாடி எங்கே என்று கேட்டு அதன் தாடைக்குக் கீழே தடவி உதை வாங்கினாய். பெண்ணுக்கு வலி எத்தனை நேரத்துக்கு ஒருதரம் வருகிறது, நாடி திடீரென்று ஓட ஆரம்பிக்கிறதா, எப்போது வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும், எல்லாவற்றையும் அந்தச் சின்ன முள்தான் சொல்லும் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். பால்காரனுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேலி பண்ணினேன். ஆனால் மனதில் நிற்கிறது, பார். அதனால்தான் இன்றைக்குப் பயப்பட முடிகிறது. ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் புலிக்கு மட்டும் பயந்துவிட்டுத் தூங்கியிருப்பேன்.

ஜவுளிக்கடை வீட்டுக்கு வருகிறேன். அங்கே மாடியில் நடந்தது உனக்குத் தெரியும், கீழே நடந்தது முழுக்க உனக்குத் தெரியாது. நீ இறங்கி வந்தபோது கடைசிச் சிரிப்பைத்தான் பார்த்தாய்.

அன்றைக்கு வியாழக்கிழமை மத்தியானம். உன்னைக் கூட்டிப்போகலாம் என்று கடை வாசலில் காத்திருந்தேன். துணி வெளுத்துக் கொண்டுவந்த மாரிமுத்துவும், வேலை முடிந்து வந்த டிராம் கண்டக்டரும் பக்கத்தில் நின்றார்கள். கடைக்குள்ளே முதலாளி, அவருக்கு எதிரில் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு ஜோசியர். மூன்று மணி வரைக்கும் பூசம், நல்ல நட்சத்திரம், பிறகு ஆயில்யம் பிறந்துவிடுகிறது, பெண்ணாக இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்கவேண்டும் என்று ஜோசியர் முன்பே சொல்லிவைத்திருந்தார். ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்பார்கள், எந்த வீட்டில் அவளை எடுப்பார்கள்? முதலாளி கழுத்தை நீட்டி நீட்டி மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய அக்கா இறங்கி வந்தார். "பொண்ணு பொறந்திருக்கு. மிஸ்ஸி மூணு தாண்டிடுச்சுங்குது."

முதலாளி தங்க வாட்சைத் திறந்தார். "இன்னும் மூணே ஆகலையே அக்கா."

"அதான் நானும் சொல்றேன். அது கையில கட்டியிருக்கிறது என்ன வாட்சு? ஆமையாமே. ஆமை ஊர்ந்து வந்து சொல்ற நேரத்துக்கா நம்ம வீட்டுப் பொண்ணுக்கு ஜாதகம் எழுதறது?"

என் வாய் சும்மா இருக்குமா? "ஆமை முன்னாடி வந்துடுச்சுங்க. உங்க தங்கம்தான் பின்னாடி ஊர்ந்து வருது" என்றேன்.

மாரிமுத்து கையை நீட்டினான். "என் ஆமையும் மூணு தாண்டித்தான் சொல்லுது, முதலாளி." கண்டக்டரும் நீட்டினார். "என்னுதும் அதான், பாரு லா. நான் டிராம் விடுற நேரம் இது, பொய் சொன்னா என் வேலை போயிடும்." நானும் நீட்டினேன். பழம் விற்கிறவன் எதற்கு என்று தெரியாமலே வந்து நீட்டினான். கடை வாசலில் வரிசையாகக் கைகள், எல்லாவற்றிலும் ஆமை, எல்லாவற்றிலும் ஒரே நேரம். முதலாளி தன் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். ஒரு வாரம் ஓடுகிற சாவி அதற்கு. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத்தான் சாவி கொடுப்பார், வேறு நாளில் தங்கத்தைத் திருகக்கூடாதாம். வியாழக்கிழமை மத்தியானத்துக்கு அது நொண்டாமல் எப்படி ஓடும்? "நாளைக்குத்தான் சாவி கொடுக்கிற நாள்" என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். ஜோசியர் ஆயில்யம் என்று எழுதினார். அப்போதுதான் நீ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கீழே வந்தாய். எங்கள் சிரிப்பும் அடங்கவில்லை, நீட்டிய கைகளும் மடங்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "அவ்வளவு கையும் நீட்டி ஜெயிச்சது யாருப்பா?" என்று கேட்டாய்.

"வேற யாரு? நம்ம ஆமைதான்."

"தோத்தது அந்தக் குழந்தைப்பா" என்றாய்.

வாட்சை வீட்டில் கழற்றவில்லை நீ. தெருவிலேயே கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டாய். அன்றைக்கு இரண்டு வாட்சுக்கும் நடுவில் இருந்தது ஒரு வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரம். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் தங்க வாட்ச் சொன்னதே எழுத்தாகியிருக்கும், ஒரு பெண் பிள்ளை பூசத்தில் பிறந்ததாகவே வளர்ந்திருக்கும். அது பொய்யா, புண்ணியமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "இனிமே யார் தலையிலயும் நேரம் எழுதற வேலை எனக்கு வேணாம்மா" என்று நீ அம்மாவிடம் சொன்னதைச் சமையலறைக்கு வெளியே நின்று கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் சுவரில் பெரிய கடிகாரம் இருக்கிறது, கூப்பிட்டால் பெரிய மிஸ்ஸி வருவார், டாக்டர் வருவார். தோட்டத்துக் கூலிகள் இருக்கிற லயத்து வீட்டில் சுவரே ஓலைதான். ஒருத்தி வலியில் கிடப்பாள், நீ அவள் கையைப் பிடிப்பாய், எண்ணுவாய், எத்தனை நேரத்தில் எண்ணினாய் என்று உனக்குத் தெரியாது. மனசுக்குள் எண்ணிக்கொள்வேன் என்று சொல்லாதே. நீ பயந்தால் உன் மனசு ஓடும் என்று எனக்குத் தெரியும். என் மகள்தானே நீ.

இதையெல்லாம் இன்றைக்கு எழுதக் காரணம், இன்று காலையில் நடந்தது. ஜவுளிக்கடை வீட்டுக்குப் பால் ஊற்றப் போனேன். எப்போதும் வேலைக்காரப் பெண்தான் பின்கதவுக்கு வருவாள். இன்றைக்கு முதலாளியின் மனைவி, அன்று பிள்ளை பெற்ற ராஜமே வந்தாள், தோளில் குழந்தை, கையில் செம்பு. முகத்தைப் பார்க்கப் பயந்து செம்பையே பார்த்துக்கொண்டு ஊற்றினேன்.

"மிஸ்ஸி தோட்டத்துக்குப் போறாங்களாமே, அண்ணே?"

"ஆமாம்மா. நாளைக்கு."

"வாட்சு கட்டறதில்லையாமே. உங்க வீட்டம்மா எங்க வேலைக்காரப் பொண்ணுகிட்ட சொன்னாங்களாம்."

உன் அம்மாவின் வாய் என்னுடையதைவிட நீளம் என்று அப்போது தெரிந்தது. ராஜம் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்க நாத்தனார் தினமும் அழுவுறாங்க, ஆயில்யம் ஆயில்யம்னு. இருந்துட்டுப் போகட்டும். மாமியார் இல்லாத வீடாப் பார்த்துக் குடுத்தா முடிஞ்சது. இதைக் கேளுங்க. பிள்ளை வந்ததுக்கு அப்புறம் எனக்கு ரத்தம் நிக்கல. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நேரம் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. உங்க பொண்ணு ஒரு கையால என் வயித்தை அமுக்கிக்கிட்டே இன்னொரு கையால என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டு, வாட்சையே பார்த்துக்கிட்டு வாய்க்குள்ள எண்ணிக்கிட்டு இருந்துச்சு. எண்ணி முடிக்கும், மறுபடி முதல்லேருந்து எண்ணும். இது எண்ணிக்கிட்டு இருக்கிற வரைக்கும் நான் சாகமாட்டேன்னு நினைச்சுக்கிட்டேன், அண்ணே. அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் கிடந்தேன்."

கேனைக் கீழே வைத்தேன். "பொண்ணுகிட்ட சொல்லவாம்மா?" என்று கேட்டேன்.

"சொல்லுங்க. ஆனா சிரிக்காம சொல்லுங்க. நீங்க சொன்னா எல்லாமே வேடிக்கை மாதிரி ஆயிடும்."

சொல்லிவிட்டேன். சிரிக்காமல்.

தோட்டத்திலும் கேட்பார்கள், கமலம். எங்கே போனாலும் நம் ஆட்கள் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்ட வாயை மூடுவதற்கு முன்னால் மணி என்ன என்று கேட்பார்கள். அங்கே தங்க வாட்சும் இருக்காது, கை நீட்ட மாரிமுத்துவும் இருக்கமாட்டான். நீ சொல்வதுதான் நேரம். உள்ளபடி சொல்வாயோ, தாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மணியைப் பார்க்கவில்லை என்பாயோ, அதை உனக்குச் சொல்லித்தர எனக்கு யோக்கியதை இல்லை. கேட்பவர்களைப் பார்த்து, அந்தக் குழந்தையைப் பார்த்து, நீயே முடிவு செய்துகொள். தப்பாகவும் போகலாம். அதை நினைத்தாலும் எனக்குப் பயம்தான். ஆனால் அவர்கள் கேட்கப் போகிறார்களே என்பதற்காக, வலியில் கிடக்கிறவளின் நாடியை எண்ணாமல் விட்டுவிடாதே. அவர்களுடைய கேள்விக்கும் அவளுடைய கைக்கும் சம்பந்தமில்லை. ஒரே வாட்சில் இரண்டும் இருப்பது அந்த ஆமையின் குற்றமும் இல்லை.

நீ கழற்றி வைத்த நாளிலிருந்து அதற்கு நான்தான் சாவி கொடுத்துவருகிறேன். நல்ல நேரம் ஒன்றும் பார்ப்பதில்லை, பல் விளக்கிவிட்டு வந்து திருகுவேன். ஒரு நாளும் நிற்கவில்லை. எடுத்துக்கொள் என்று நாளைக்கு உன்னிடம் சொல்லமாட்டேன், கையில் திணிக்கவும் மாட்டேன். ஸ்டேஷனில் நீ வண்டி ஏறும்போது உன் இடது கையைப் பார்ப்பேன், அவ்வளவுதான். கட்டியிருந்தால், மிஸ்ஸிக்கு வளையல் அழகாக இருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி கேலி பண்ணுவேன், நீ என்னைத் திட்டிக்கொண்டே போகலாம். கட்டாவிட்டால் ஒன்றும் பேசாமல் நிற்பேன். பிறந்ததிலிருந்து நீ என்னை அப்படிப் பார்த்ததே இல்லை, கமலம். பார்த்தால் உனக்குப் பயமாக இருக்கும்.

அப்பா